வின்ட்சர் லாட் (பந்தயக் குதிரை)

வின்ட்சர் லாட் (1931 – 1943) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற, தரோபிரெட் இனத்தைச் சேர்ந்த பந்தயக் குதிரை ஆகும். 1934 ஆம் ஆண்டில் எப்சம் டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய இரண்டு பெரும் பந்தயங்களிலும் இது வென்றது. 1933 முதல் 1935 வரை மூன்று பருவங்களில் 13 பந்தயங்களில் ஓடி 10 இல் முதலிடம் பெற்றது. டெர்பியில் ஓடியபோது இதன் உரிமையாளராக இருந்தவர் குசராத்தின் ராஜ்பிப்லா சமத்தானத்து மகாராசா விஜய்சிங்ஜி ஆவார். இந்தியச் சமத்தான அரசர்களில் எப்சம் டெர்பியை வென்றவர் இவர் ஒருவரே. இந்தியாவில் ஒருமுறை கூட ஓடாத இக்குதிரை இந்தியக் குதிரைப் பந்தய வரலாற்றில் இடம்பெறுவது இக்காரணம் பற்றியே.

பிறப்பும் மரபும்

வின்ட்சர் லாட் 1931 இல் அயர்லாந்தில் டான் சல்லிவன் என்பவரின் வளர்ப்பில் பிறந்தது. உடல் செம்பழுப்பு நிறம். அவ்வகைக் குதிரைகளுக்கு உரியபடி பிடரியும் வாலும் கருமை. தந்தை பிளான்ட்ஃபோர்ட், தாய் ரெசுபிளென்டென்ட்.

தரோபிரெட் இனத்தில் தந்தை, தாய் பெயர்கள் வெறும் தகவல் அல்ல. குதிரையின் விலையே அவற்றைக் கொண்டுதான் அமைகிறது. இவ்வினம் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் குதிரைகள் அனைத்தும், ஆண்வழியில், கீழை நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மூன்று பொலிக்குதிரைகளில் ஏதேனும் ஒன்றில் சென்று முடியும். பையர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்பின் அரபி என்பன அவற்றின் பெயர்கள். பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் வம்சப் பதிவேட்டில் பதியப்படுகிறது. பதிவில்லாத குதிரை எவ்வளவு விரைவாக ஓடினாலும் இப்பந்தயங்களில் கலந்துகொள்ள இயலாது.

தந்தை பிளான்ட்ஃபோர்ட் அக்காலத்தின் மிகச் சிறந்த பொலிக்குதிரைகளுள் ஒன்று. அதன் மகன்களில் நான்கு குதிரைகள் ஏழே ஆண்டுகளுக்குள் எப்சம் டெர்பியை வென்றன: டிரிகோ (1929), பிளெனிம் (1930), வின்ட்சர் லாட் (1934), பக்ராம் (1935). தாய் ரெசுபிளென்டென்ட் 1926 இல் அயர்லாந்தின் ஆயிரம் கினி, அயர்லாந்து ஓக்சு ஆகிய இரு பந்தயங்களையும் வென்று, எப்சம் ஓக்சில் இரண்டாம் இடம் பெற்ற பெட்டைக் குதிரை. இத்தகைய பெற்றோருக்குப் பிறந்த குட்டி ஓராண்டு வயதில் ஏலத்துக்கு வந்தபோது, ராஜ்பிப்லா மகாராசாவுக்காகப் பயிற்சியாளர் மார்க்கசு மார்சு அதனை 1,300 கினிக்கு எடுத்தார். ஒரு கினி என்பது 21 சில்லிங். எனவே விலை 1,365 பவுண்டு. ரூபாய்க்கு 1 சில்லிங் 6 பென்சு என்ற அந்நாளைய மாற்று வீதப்படி இது 18,200 ரூபாய் ஆகும். சாதாரண மனிதருக்கு எட்டாத தொகைதான். ஆயினும் இவ்வளவு நல்ல மரபுடைய குட்டிக்கு இது மலிவு என்பதைப் பின்வந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

உரிமையாளர்

மகாராசா விஜய்சிங்ஜி 1890 இல் பிறந்தார். 1915 இல் ராஜ்பிப்லாவின் அரியணை ஏறினார். நர்மதை ஆற்றின் தென்கரைப் பகுதியில், ஏறத்தாழ 1,500 சதுர மைல் பரப்பில் அமைந்த இச்சமத்தானத்தைக் கோகில் ராசபுத்திர மரபினர் ஆண்டுவந்தனர். 1948 சூனில் இது பம்பாய் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. ராஜ்பிப்லா நகரம் இன்று குசராத் மாநிலத்தின் நர்மதா மாவட்டத் தலைநகரமாக உள்ளது.

குதிரைப் பந்தயம் மகாராசாவின் பெரும் ஈடுபாடாக இருந்தது. இந்தியாவில் குதிரைகள் வைத்திருந்ததோடு, ஐரோப்பியப் பந்தயங்களுக்கென்றும் தனியே குதிரைகளை வாங்கினார். அவருடைய எம்பார்கோ என்னும் குதிரை 1926 இல் அயர்லாந்தின் இரண்டாயிரம் கினி, அயர்லாந்து டெர்பி இரண்டையும் வென்றது. வின்ட்சர் லாட்டின் தாய் அயர்லாந்தில் வெற்றி கண்டதும் அதே ஆண்டில்தான். இங்கிலாந்தில் வின்ட்சர் அரண்மனைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் வின்ட்சரில் மகாராசாவுக்கு ஒரு மாளிகை இருந்தது. 'வின்ட்சர் பையன்' என்று பொருள்படும் பெயர் குட்டிக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை இதனைக் கொண்டு உணரலாம். ராஜ்பிப்லா என்னும் பெயர் வாயில் நுழையாத ஆங்கிலேயப் பந்தய இரசிகர்கள் மகாராசாவைச் சுருக்கமாக 'பிப்' என்று அழைத்தனர்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. கராச்சியில் பிறந்த மூன்றாம் ஆகா கான் எப்சம் டெர்பியை ஐந்து முறை வென்றவர். எனினும் அவர் இசுமாயிலி இசுலாமியரின் சமயத் தலைவரே அன்றி, ஆட்சிப் பரப்பு உடைய சமத்தான அரசர் அல்லர். ராஜ்பிப்லா மகாராசாவை 'டெர்பி வென்ற ஒரே இந்திய அரசர்' என்று குறிப்பிடுவது இந்த வேறுபாட்டைக் கருதியே. பரோடா மகாராசாவும் பின்னாளில் இங்கிலாந்தின் பெரும் பந்தயங்களில் வெற்றி கண்டார். அவருடைய சாயாஜிராவ் என்ற குதிரை 1947 இல் செயின்ட் லெஜரை வென்றது. ஆனால் எப்சம் டெர்பி அவருக்குக் கிட்டவில்லை.

பயிற்சியாளரும் குதிரையோட்டியும்

மார்க்கசு மார்சு 1934 இல் முப்பது வயதை எட்டிய இளைஞர். அவருடைய தந்தை ரிச்சர்டு மார்சு, மன்னர் ஏழாம் எட்வர்டின் குதிரைகளைப் பயிற்றுவித்தவர். பெர்சிமன், டயமண்ட் சூபிலி, மினோரு ஆகிய மூன்று டெர்பி வெற்றிக் குதிரைகள் அவர் கையில் உருவானவை. தந்தை 1933 இல் காலமானார். மறு ஆண்டே மகனின் குதிரை டெர்பியில் முதலாவதாக வந்தது.

குதிரையோட்டி சார்லி சுமிர்க்கின் கதை இதைவிடக் கடினமானது. இலண்டனில் பிறந்த சுமிர்க் இளம் வயதிலேயே பெயர் பெற்ற ஓட்டியாக விளங்கினார். 1928 இல் கேட்விக் பந்தயத்தில் அவர் ஏறியிருந்த வெல்கம் கிஃப்ட் என்னும் குதிரை, தொடக்கக் கயிறு உயர்ந்தபோது ஓடாமல் நின்றுவிட்டது. கதவுடன் கூடிய தொடக்கக் கூண்டுகள் பிரித்தானியாவில் 1965 இல்தான் வந்தன. அதற்கு முன் குதிரைகள் ஒரு கயிற்றின் பின்னே வரிசையாக நிற்க, கயிறு மேலெழும்போது ஓட்டம் தொடங்கும். முரட்டுக் குதிரைகள் அந்நேரத்தில் திரும்பிக்கொள்வதும் நின்றுவிடுவதும் அரிதல்ல. ஆனால் சுமிர்க் வேண்டுமென்றே குதிரையைக் கிளப்பவில்லை என்று நடுவர்கள் முடிவு செய்தனர். அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் அவர் பந்தயத் திடலுக்குள் காலடி வைக்க முடியாதவராக இருந்தார். 1933 இன் பிற்பகுதியில் உரிமம் திரும்பக் கிடைத்தது. வின்ட்சர் லாட்டின் மீது அவர் டெர்பியில் ஏறியது அதற்கு அடுத்த கோடையில்.

தொடக்கப் பருவம்

தரோபிரெட் குதிரைகள் இரண்டு வயதிலேயே பந்தயத்துக்கு வந்துவிடுகின்றன. வட அரைக்கோளத்தில் எல்லாக் குதிரைகளுக்கும் சனவரி 1 பிறந்தநாளாகக் கொள்ளப்படுவதால், 'இரண்டு வயது' என்பது உண்மையில் இரண்டு வயது நிரம்பியது என்று பொருள்படாது. வின்ட்சர் லாட் 1933 இல் மூன்று முறை ஓடியது. முதல் இரண்டு ஓட்டங்களும் கவனிக்கத்தக்கவையாக இல்லை. மூன்றாவதாக, அப்பருவத்தின் இறுதியில் நியூமார்க்கெட்டில் நடந்த கிரைட்டீரியன் பந்தயத்தில் வென்றது.

அப்போது அனைவர் பார்வையும் வேறொரு குதிரையின் மீது இருந்தது. கப்பல் நிறுவன உரிமையாளரான கிளான்லி பிரபுவின் கொலம்போ என்னும் குதிரை, அவ்வாண்டில் ஓடிய ஏழு பந்தயங்களிலும் வென்றிருந்தது. இப்பெயர் நமக்கு நன்கு அறிமுகமான கொழும்பு நகரத்தின் பெயரே.

1934 – டெர்பிக்கு முன்

மூன்று வயதுக் குதிரைகளுக்கென இங்கிலாந்தில் ஐந்து முதன்மைப் பந்தயங்கள் உண்டு. இரண்டாயிரம் கினி, ஆயிரம் கினி, ஓக்சு, டெர்பி, செயின்ட் லெஜர் என்பன அவை. இவை 'கிளாசிக்' எனப்படும். ஆயிரம் கினியும் ஓக்சும் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும் உரியவை. ஒரு குதிரை தன் வாழ்நாளில் ஒரேயொரு ஆண்டுதான் இப்பந்தயங்களில் ஓட முடியும். தேனி மாவட்டத்தின் கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களில் நடக்கும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரித்து ஓட்டுவதைக் கண்டவர்களுக்கு, இணையானவற்றை இணையானவற்றோடு ஓட்டும் இம்முறை புதிதன்று. ஆனால் அங்கே இந்த ஆண்டு தோற்ற சோடி அடுத்த திருவிழாவில் மீண்டும் வரலாம். டெர்பியில் தோற்ற குதிரைக்கு அடுத்த டெர்பி கிடையாது.

1934 வசந்தத்தில் கொலம்போ மேலும் இரண்டு பந்தயங்களை வென்றது. அவற்றுள் ஒன்று இரண்டாயிரம் கினி. ஒன்பது ஓட்டங்களில் ஒன்பது வெற்றி என்னும் நிலையில் அது டெர்பியை எதிர்நோக்கியது. வின்ட்சர் லாட் வேறு பாதையில் வந்தது. செசுடரில் நடந்த செசுடர் வாசு பந்தயத்தில் வென்றது. செசுடர் திடல் சிறியது, ஏறக்குறைய முழுதும் வளைவானது. வளைவில் சமநிலை தவறாமல் ஓடும் குதிரைக்கே அங்கு வெற்றி. அடுத்து நியூமார்க்கெட் பந்தயத்திலும் வென்றது. இவ்விரு வெற்றிகளுக்குப் பின்னும் பணம் கட்டுவோரின் நம்பிக்கை கொலம்போவின் மீதே இருந்தது.

எப்சம் டெர்பி, 6 சூன் 1934

எப்சம் டெர்பி 1780 இல் தொடங்கியது. தொலைவு ஒன்றரை மைல், அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். இத்திடலின் கடினம் அதன் நிலத்தில் உள்ளது. முதற்பாதி மேட்டில் ஏறுகிறது. பிறகு இடப்புறமாக வளைந்துகொண்டே சரிவில் இறங்கி, டாட்டன்காம் முனை என்னும் கூர்மையான திருப்பத்தைக் கடந்து நேர்ப்பாதைக்கு வருகிறது. மேட்டில் மூச்சும், சரிவில் கால் பிடிமானமும், நேர்ப்பாதையில் வேகமும் ஒருங்கே வேண்டும். திருப்பத்தில் தவறான இடத்தில் சிக்கிக்கொண்ட குதிரைக்கு மீள்வதற்கு நேரம் மிகக் குறைவு.

அவ்வாண்டு 19 குதிரைகள் ஓடின. கொலம்போவின் மீதான பந்தய விகிதம் 11/8. அதாவது 8 பவுண்டு கட்டினால் 11 பவுண்டு ஆதாயம். வின்ட்சர் லாட்டின் விகிதம் 15/2. இரண்டு பவுண்டுக்குப் பதினைந்து. கொலம்போவை ஓட்டியவர் ஆசுதிரேலியரான ரே சான்சுடன்.

சரிவில் இறங்கும்போது கொலம்போ உட்புற வேலியை ஒட்டி, இசுடீவ் டோனகூ ஓட்டிய மெடிவல் நைட் என்னும் குதிரையின் பின்னே இருந்தது. மெடிவல் நைட் களைத்துப் பின்வாங்கத் தொடங்கியது. முன்னே களைத்த குதிரை, ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் பிற குதிரைகள் என்று கொலம்போ அடைபட்டது. சுமிர்க் அந்நேரத்தில் வின்ட்சர் லாட்டைத் தடையற்ற இடத்தில் வைத்திருந்தார், நேர்ப்பாதையில் முன்னேறினார். கொலம்போ வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து முன்னவர்களை நெருங்கியது. ஆனால் கடைசி மேட்டில் அதன் ஓட்டம் தளர்ந்தது. வூலாவிங்டன் பிரபுவின் ஈசுடன் அதனைத் தாண்டிச் சென்றது. வின்ட்சர் லாட் ஒரு குதிரை நீளத்தில் வென்றது, ஈசுடன் இரண்டாவது, கழுத்தளவு பின்னால் கொலம்போ மூன்றாவது. நேரம் 2 நிமிடம் 34 வினாடி. முந்தைய ஆண்டில் ஐப்பீரியன் ஏற்படுத்திய டெர்பி சாதனைக்கு இது சமம். 1936 இல் மகமூத் என்னும் குதிரை 2 நிமிடம் 33.8 வினாடியில் ஓடி இதனைக் கடந்தது. அதனை ஓட்டியவரும் சுமிர்க்கே.

பந்தயத்தைக் காண வந்திருந்த மன்னர் ஐந்தாம் சார்ச்சு மகாராசாவை அழைத்துப் பாராட்டினார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இக்காட்சிக்கு இருந்த பொருளை மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். ராஜ்பிப்லாவுக்கு 13 பீரங்கி மரியாதை உண்டு. ஆனால் அதன் அரசர் பிரித்தானிய மேலாட்சிக்குக் கட்டுப்பட்டவர். எப்சம் திடலில் ஒரு பிற்பகல் மட்டும், இங்கிலாந்துப் பிரபுக்களின் குதிரைகள் அவருடைய குதிரைக்குப் பின்னே வந்தன. இதற்கான செலவு ராஜ்பிப்லாவின் நிலத்தில் உழைத்தவர்களின் வரியிலிருந்து வந்தது என்பதும் உண்மை. சமத்தான அரசர்களின் குதிரை லாயங்கள் பற்றிய எந்தக் கட்டுரையும் இதனை விட்டுவிட முடியாது.

கொலம்போ பற்றிய சர்ச்சை

பந்தயம் முடிந்ததும் பேச்சு முழுதும் தோற்ற குதிரையைப் பற்றியதாகவே இருந்தது. ஆறு முறை டெர்பி வென்ற டோனகூ, தான் ஏறியிருந்தால் கொலம்போ வென்றிருக்கும் என்ற கருத்தை வெளியிட்டார். கொலம்போவின் வழியை அடைத்தது அவருடைய குதிரையே என்பதை நோக்க, இக்கூற்று சற்று வியப்பளிக்கிறது. பழி சான்சுடன் மீது விழுந்தது. 'சிறந்த குதிரை வெல்லவில்லை' என்னும் முடிவு பலரால் ஏற்கப்பட்டது.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. கொலம்போ அடைபட்டது உண்மை. அங்கு இழந்த இடத்தைப் பிடிக்க அது கூடுதல் வேகம் செலவிட நேர்ந்ததும் உண்மை. ஆனால் திறந்த வழி கிடைத்த பின்னர் அது முன்னேறி, பிறகு தளர்ந்தது. ஒன்பது வெற்றிகளிலும் அது ஒன்றரை மைல் ஓடியதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அத்தொலைவு அதற்கு நீண்டது என்று கொள்வோர், தளர்ச்சிக்குக் காரணம் ஓட்டியின் தவறு அன்று, குதிரையின் இயல்பே என்பர். டெர்பிக்குப் பிறகு கொலம்போ எந்தப் பந்தயத்திலும் வெல்லவில்லை. அவ்வாண்டே ஓய்வு பெற்றது. வின்ட்சர் லாட்டின் தரத்துக்கான சான்றை எப்சமில் தேடுவதைவிட, அதற்குப் பின் அது ஓடிய ஏழு பந்தயங்களில் தேடுவதே பொருத்தம்.

எக்லிப்சு தோல்வி

டெர்பிக்கு அடுத்த பந்தயம் சாண்டவுன் திடலில் நடந்த எக்லிப்சு. தொலைவு ஒன்றேகால் மைல். மூன்று வயதுக் குதிரைகள் தம்மைவிட மூத்த குதிரைகளோடு மோதும் களம் இது. வின்ட்சர் லாட் மூன்றாவதாக வந்தது. முதலிடம் கிங் சால்மன். இரண்டாம் இடம் ஆகா கானின் உமீத்வார். (வேலைக்குக் காத்திருப்பவர் என்னும் பொருளில் 'உமேதுவார்' என்று பழைய தமிழ் அலுவலக வழக்கிலும் புழங்கிய அதே பாரசீகச் சொல்லே இக்குதிரையின் பெயர்.) எப்சமில் கொலம்போவுக்கு நேர்ந்தது போல இங்கு வின்ட்சர் லாட் குதிரைக் கூட்டத்துள் அடைபட்டது, இம்முறை குறை கூறப்பட்டவர் சுமிர்க். ஒரே கோடையில் இரு ஓட்டிகள், ஒரே வகைக் குற்றச்சாட்டு. முதல் பருவத்தின் தொடக்க ஓட்டங்களைத் தவிர்த்தால், வின்ட்சர் லாட் தன் வாழ்வில் தோற்றது இந்த ஒரு முறைதான்.

விற்பனையும் செயின்ட் லெஜரும்

டெர்பி வெற்றிக்குப் பின், செயின்ட் லெஜருக்கு முன்னதாக, மகாராசா குதிரையை மார்ட்டின் பென்சன் என்பவருக்கு 50,000 பவுண்டுக்கு விற்றார். முன்கூறிய மாற்று வீதப்படி இது 6 இலட்சத்து 66 ஆயிரம் ரூபாய்க்கு மேல். வாங்கிய விலையைப் போல் ஏறத்தாழ 37 மடங்கு. பென்சன் பந்தயப் பணம் ஏற்கும் புக்கி. டக்ளசு இசுடூவர்ட் என்ற பெயரில் இயங்கிய பெரிய பந்தய நிறுவனம் அவருடையது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது உறுத்தலாகத் தோன்றக்கூடும். பந்தயப் பணத்தால் குடும்பங்கள் அழிந்ததைக் காரணம் காட்டித் தமிழக அரசு 1974 இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், கிண்டித் திடலின் 160 ஏக்கர் குத்தகையை 2024 இல் அரசு இரத்து செய்ததும் நம் நினைவில் உள்ளவை. இங்கிலாந்தில் புக்கியின் தொழில் சட்டத்துக்கு உட்பட்டது. ஆயினும் பிரபுக்களும் மன்னர்களும் உடைமையாகக் கொண்டிருந்த வகைக் குதிரை ஒரு புக்கியின் கைக்குப் போனது அங்கும் புதுமையாகவே இருந்தது. பென்சன் குதிரையை மார்சிடமிருந்து பிரிக்கவில்லை. சுமிர்க்கையும் மாற்றவில்லை. எக்லிப்சில் தோற்ற ஓட்டியை வைத்துக்கொண்டது, அப்போதைய பேச்சுகளை நோக்க, நிதானமான முடிவு.

யார்க்கு நகரில் நடந்த கிரேட் யார்க்சயர் பந்தயத்தை வென்ற பின், 1934 செப்டம்பரில் டான்காசுடரில் செயின்ட் லெஜர் நடந்தது. ஒன்றேமுக்கால் மைலுக்கும் சற்று மேற்பட்ட தொலைவு. கிளாசிக் பந்தயங்களுள் இதுவே நீளமானது. வின்ட்சர் லாட் இரண்டு குதிரை நீளத்தில் டைபீரியசை வென்றது. நேரம் 3 நிமிடம் 1.6 வினாடி, 1926 இல் கொரோனாக் ஏற்படுத்திய சாதனைக்குச் சமம். டெர்பி, லெஜர் என இரு பந்தயங்களிலும் ஒரே ஆண்டில் சாதனை நேரத்தைத் தொட்டதன் பிறகு, எப்சம் வெற்றி தற்செயல் என்ற பேச்சுக்கு இடம் குறைந்தது.

1935 – தோல்வியற்ற ஆண்டு

நான்கு வயதில் வின்ட்சர் லாட் நான்கு பந்தயங்களில் ஓடி நான்கிலும் வென்றது. நியூமார்க்கெட்டில் பர்வெல் பந்தயம், எப்சமில் டெர்பி நடக்கும் அதே பாதையில் கொரனேசன் கோப்பை, ஆசுகாட்டில் ரூசு நினைவுப் பந்தயம், முடிவில் சாண்டவுனில் எக்லிப்சு. முந்தைய ஆண்டு தோற்ற பந்தயத்தை வென்று, அதனோடு அதன் பந்தய வாழ்வு முடிந்தது.

இந்த ஆண்டில் மற்றொரு பெரும் குதிரை எழுந்தது. ஆகா கானின் பக்ராம் இரண்டாயிரம் கினி, டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்று 'மும்மகுடம்' சூடியது. தன் வாழ்நாளில் ஓடிய ஒன்பது பந்தயங்களிலும் அது தோற்கவே இல்லை. இரண்டும் பிளான்ட்ஃபோர்டின் மகன்கள். எது சிறந்தது என்பது அன்றைய பந்தய உலகின் பெரும் வினா. இரண்டும் ஒரே பந்தயத்தில் ஒருமுறை கூடச் சந்திக்கவில்லை. தோல்வியே இல்லாத பதிவு பக்ராமுடையது. வின்ட்சர் லாட் நான்கு வயதிலும் ஓடித் தன்னை மீண்டும் சோதனைக்கு உட்படுத்தியது. பக்ராம் மூன்று வயதோடு நிறுத்தப்பட்டது. இக்கட்டுரையாளரின் நோக்கில் இது சிறிய வேறுபாடு அன்று.

1933 இன் இறுதி வெற்றியிலிருந்து எண்ணினால் வின்ட்சர் லாட் ஓடியவை 11, வென்றவை 10. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த டெர்பி வெற்றிக் குதிரைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பொலிக்குதிரையாக

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற வின்ட்சர் லாட் நியூமார்க்கெட்டில் பொலிக்குதிரையாக வைக்கப்பட்டது. 50,000 பவுண்டு விலை கொடுத்ததன் உண்மையான நோக்கம் இதுவே. பந்தயப் பரிசுகளைக் காட்டிலும், வம்சம் பெருக்கக் கிடைக்கும் கட்டணமே இத்தகைய குதிரைகளின் முதன்மையான வருவாய். ஆனால் எதிர்பார்த்த அளவு பலன் கிட்டவில்லை. குதிரையை நாட்பட்ட சைனசு நோய் பற்றியது. தலை எலும்பின் உட்குழிகளில் தொற்று ஏற்பட்டு மீண்டும் மீண்டும் சீழ் கோக்கும் இந்நோய்க்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் அக்காலத்தில் கிடைக்கவில்லை. இதன் இனப்பெருக்கப் பணி தடைபட்டது.

இதற்கிடையே, 1938 இல் பென்சன் இத்தாலியிலிருந்து நியார்கோ என்னும் தோல்வியறியாத குதிரையை 60,000 பவுண்டுக்கு வாங்கி, நியூமார்க்கெட்டிலுள்ள தம் பீச் அவுசு பண்ணைக்குக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து காப்பதற்காக நியார்கோவுக்கென்றே ஒரு பதுங்கிடம் கட்டப்பட்டது. இன்றைய தரோபிரெட் குதிரைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றின் வம்சாவளியில் நியார்கோவின் பெயர் இருக்கும். மேலே குறிப்பிட்ட பரோடாவின் சாயாஜிராவும் அதன் மகனே. வின்ட்சர் லாட்டின் ஆண்வழி அவ்வாறு நீடிக்கவில்லை.

ஆயினும் இரு வாரிசுகள் குறிப்பிடத்தக்கவை. மகன் வின்ட்சர் சிலிப்பர், அயர்லாந்து அரசியலாளரும் மருத்துவமனைப் பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான சோசப் மெக்ராத்தின் குதிரை. 1942 இல் அயர்லாந்தின் மும்மகுடத்தை வென்றது. ஓடிய ஆறு பந்தயங்களிலும் தோல்வி காணவில்லை. மகள் ஃபேசு ஈன்ற நீசம் பெல் 1951 இல் எப்சம் ஓக்சை வென்றது.

மார்க்கசு மார்சு இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து செருமானியரிடம் போர்க்கைதியானார். விடுதலைக்குப் பின் பயிற்சியாளர் பணிக்குத் திரும்பி, 1952 இல் ஆகா கானின் துல்யார் மூலம் மீண்டும் டெர்பி வென்றார். துல்யாரை ஓட்டியவரும் சார்லி சுமிர்க். 1958 இல் ஆர்டு ரிடன் மீது ஏறி வென்றதுடன் சுமிர்க்கின் டெர்பி வெற்றிகள் நான்காயின. மகாராசா விஜய்சிங்ஜி 1951 ஏப்பிரலில், தம் ஓல்ட் வின்ட்சர் மாளிகையில் காலமானார்.

வின்ட்சர் லாட் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1943 இல், நோய் முற்றிய நிலையில் பன்னிரண்டாம் வயதில் கருணைக்கொலை செய்யப்பட்டது.